சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் குடியேற்றங்கள்: வணிகமும் வாழ்வும் வட்டார வேறுபாடும்

முன்னுரை

வரலாற்றைத் துணைப்பாடமாகப் பயிலும் நம் மாணவர்கள் அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களையும் தடையின்றி ஒப்பிக்கின்றனர். வடக்கே மாசச்சூசெட்சில் சமயக் கட்டுப்பாடு மிக்க தூய்மைவாதியர் குடியமர்ந்து மீன்பிடித்தலையும் கப்பல் கட்டுதலையும் மேற்கொண்டனர். நடுவே பென்சில்வேனியாவில் குவேக்கர் என்பார் பல சமயத்தார்க்கும் இடமளித்துக் கோதுமை விளைவித்தனர். தெற்கே வர்சீனியாவில் பெருநிலக்கிழார்கள் அடிமைகளைக் கொண்டு புகையிலை பயிரிட்டனர். பெரும்பாலும் ஒரே நாட்டினின்று ஒரே கடலைக் கடந்து வந்தவர்கள். எனினும் இறங்கிய மண்ணும் பெற்ற உரிமைச் சாசனமும் வேறுபட்டமையால் வாழ்வும் வேறுபட்டது. இதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், அதே நூற்றாண்டில் நம் வாசற்படியில், பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை, இத்தகைய குடியேற்றங்கள் ஒரு வரிசையாக எழுந்தமையையும் அவை தம்முள் பெரிதும் மாறுபட்டமையையும் அறியாதிருத்தல் வியப்புக்குரியது.

மடுகரை, நெட்டப்பாக்கம் முதலிய புதுவை எல்லையோர ஊர்களில் பிறந்தோர்க்கு இவ்வறிவு வெறும் நூலறிவன்று. வரப்பின் இப்புறம் புதுச்சேரி, அப்புறம் தமிழ்நாடு; ஒரே மொழி, ஒரே உறவு, ஒரே விளைச்சல். இக்கோடு எவ்வாறு வந்தது என்று ஊரில் வினவினால், 'பிரஞ்சுக்காரன் போட்டது' என்னும் விடையே கிடைக்கும். அக்கோட்டிற்கும் அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. அதனைக் காணுமுன், இக்கரையில் எவர் எவ்வாறு வந்தனர், எதை வாங்கினர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பவற்றை ஆராய்தல் வேண்டும்.

ஏரும் கணக்கேடும்

அமெரிக்கக் குடியேற்றத்திற்கும் நம் கரைக் குடியேற்றத்திற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உளது. அங்குச் சென்றோரிற் பலர் மனைவி மக்களோடு, ஏரும் விதையும் கொண்டு சென்றனர். அவர்க்கு வேண்டியது நிலம். அந்நிலத்துப் பழங்குடியினரை அகற்றியே அது கிடைத்தது. இங்கு வந்தோர் கணக்கேட்டோடும் வெள்ளிப் பாளங்களோடும் வந்தனர். அவர்க்கு வேண்டியது துணி. அத்துணியை நெய்யும் மக்கள் இங்கேயே இருந்தமையால் அவர்களை அகற்றுவதன்று, அவர்களைத் தம் கோட்டையின் நிழலுக்கு அழைத்து வருவதே குடியேற்றத் தலைவர்களின் வேலையாக இருந்தது. நெசவாளர் தெரு இல்லாத கோட்டை, கோட்டையே அன்று.

வேற்று நாட்டு வணிகர் தங்கிய கரை என்பதும் இதற்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கலந்து உறைந்தமையைப் பட்டினப்பாலையில் பயின்றுள்ளோம். அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்கள் கிடைத்தன. யவனர் வந்தனர், விற்றனர், வாங்கினர், சென்றனர். பதினேழாம் நூற்றாண்டில் வந்தோர் சுவர் எழுப்பினர் என்பதே வேறுபாடு.

நான்கு கொடிகள்

போர்த்துக்கீசியர் முதலில் வந்தனர். நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் இருந்தனர். அவர்களை 1658இல் நாகப்பட்டினத்தினின்று வெளியேற்றிய ஒல்லாந்தரே முதன்முதலில் இக்கரை வணிகத்தை முறைப்படி கணக்கிட்டுச் செய்தவர்கள். அவர்க்கு வேண்டியன கீழ்த்திசைத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அத்தீவினரோ வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பினர். ஆகவே, இக்கரை மசாலாத் தீவுகளுக்கு இடக்கை போன்றது என்று 1612ஆம் ஆண்டிலேயே ஓர் ஒல்லாந்த அலுவலர் தம் தலைமைக்கு எழுதினார். பழவேற்காட்டில் இருந்த தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறியது. ஒல்லாந்தக் கும்பினி தன் பணியாளர் சொந்த வணிகம் செய்வதைத் தடுத்தது. மறைவில் அது நடந்தது வேறு செய்தி.

தரங்கம்பாடியின் கதை வேறு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியர் அங்கே கோட்டை கட்டினர். அவர் நாடு சிறிது, முதல் சிறிது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் எஞ்சியோர் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றியும், கடலில் பிறர் கலங்களைப் பறித்தும் காலம் தள்ளினர். எனினும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரரும் போரிட்ட போதெல்லாம் எவர் பக்கமும் சாராத டேனியக் கொடிக்கு மதிப்பு உயர்ந்தது. சிறுமையே அவர்க்கு வலிமையாயிற்று. டேனிய அரசர் அனுப்பிய சமயப் பணியாளர் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கினார்; டேனியக் கும்பினியின் கோட்டைத் தலைவர் அவரை 1708இல் சிறையில் அடைத்தார். அரசர் அனுப்பியவரைக் கும்பினி அடைத்தது என்பதே, குடியேற்றத்தில் இரு தலைமைகள் மோதியமைக்குச் சான்று. வணிகர்க்கு வேண்டியது அமைதியான சந்தை. சமயப் பூசல் அதனைக் குலைக்கும் என அஞ்சினர். அவர் சிறை மீண்டு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய வரலாறு தமிழ் பயில்வோர் அறிந்ததே.

ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பெற்றனர். அவர்களுடைய கும்பினி பணியாளர்க்குச் சொற்பச் சம்பளம் தந்து, ஆசியத் துறைமுகங்களுக்கிடையே சொந்த வணிகம் செய்துகொள்ள விட்டுவிட்டது. இதனால் ஒவ்வோர் அலுவலரும் ஒரு வணிகரானார். அவர்களுள் ஒருவரை இங்குச் சற்று நின்று நோக்குதல் தகும்.

எலிகு யேல் என்பவர் 1649இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுக் குடியேற்றத்துப் பாசுடன் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்று, கும்பினிப் பணியில் சேர்ந்து, 1687இல் சென்னைக் கோட்டையின் தலைவரானார். இவர் காலத்தில், 1690இல், செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டை விலைக்கு வாங்கப்பெற்றது. அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். விலையில் கோட்டை மட்டுமன்று, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைக்குட்பட்ட ஊர்களும் அடங்கும் என்பது பேச்சு. ஆங்கிலேயர் நெடுந்தொலைவு சுடவல்ல பீரங்கியைக் கொணர்ந்து திசைதோறும் சுட்டனர். குண்டு விழுந்தவரை அவர்களுடையதாயிற்று. அவ்வூர்கள் 'குண்டு கிராமம்' என வழங்கப்பெற்றன. நிலத்தை அளக்கக் கோலும் சங்கிலியும் கண்ட நம் மரபில், குண்டால் அளந்த நிலம் இது ஒன்றே போலும். யேல் 1692இல் ஊழற் குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி இழந்தார். பின்னர் 1718இல், தாம் பிறந்த அமெரிக்கக் குடியேற்றப் பகுதியிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு நூல்களோடு ஒன்பது கட்டுச் சரக்கும் அனுப்பினார். அச்சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அக்கல்லூரியே இன்றைய யேல் பல்கலைக்கழகம். சென்னையில் சேர்ந்த செல்வத்தின் ஒரு சிறு பங்கு அமெரிக்கக் கல்விக்கு அடித்தளமிட்டது. அச்செல்வத்திற்கு நூல் நூற்ற பெண்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பிரஞ்சுக் கும்பினி 1664இல் அரசரின் அமைச்சர் கோல்பேர் தோற்றுவித்தது. ஆங்கில, ஒல்லாந்தக் கும்பினிகள் வணிகரின் முதலால் எழுந்தவை. பிரஞ்சுக் கும்பினியோ அரசரின் விருப்பத்தால் எழுந்தது. ஆகவே பாரிசில் போர் வந்தால் புதுச்சேரியில் பணம் வறண்டது. பீசப்பூர் அரசின்கீழ் வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்ட சேர்கான் லோடியின் இசைவோடு பிரான்சுவா மார்த்தேன் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டார். 1693இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி ஆறாண்டு வைத்திருந்தனர். இன்று பிரஞ்சு நகரமைப்பு என்று நாம் போற்றும் நேர்த்தெருக்களின் திட்டம் அவ்வொல்லாந்தர் வரைந்தது என்பதை இடையே நினைவிற்கொள்க. 1736இல் ஆர்க்காட்டு நவாபு தோசுத்து அலியிடம் நாணயம் அடிக்கும் உரிமை கிடைத்தபின்பே புதுச்சேரி செழித்தது. 1739இல் காரைக்கால் சேர்ந்தது.

துணியும் தறியும்

இக்குடியேற்றங்கள் அனைத்திற்கும் உயிர் ஒன்றே: பருத்தித் துணி. பஞ்சு உள்நாட்டுக் கரிசல் நிலத்திலிருந்து பொதிமாடுகளில் வந்தது. பெண்கள் வீடுதோறும் நூற்றனர். கைக்கோளர், சேடர், தேவாங்கர் முதலிய குடியினர் குழித்தறியில் நெய்தனர். வெளுப்போரும் சாயம் தோய்ப்போரும் சீட்டி எழுதுவோரும் தனித்தனியே இருந்தனர். வெள்ளைத் துணியில் முறியும் சேலம்பூரும், மெல்லியதில் சல்லாவும், அவுரிச் சாயமிட்ட நீலத்துணியும் பெயர் பெற்றன. கும்பினியார் நெசவாளரிடம் நேரே செல்வதில்லை. தலைமை வணிகர்களிடம் ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுப்பர். அவர்கள் ஊர்தோறும் சென்று தறிக்காரர்க்குப் பங்கிடுவர். துணி வந்ததும் கிடங்கில் தரம் பிரித்துக் கட்டுவர். துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. அலையை வெல்லும் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, நடுக்கடலில் நிற்கும் கப்பலில் சேர்ப்பர். வரலாற்று நூல்கள் ஆளுநர்களின் பெயரைக் கூறுகின்றன. அப்படகு கவிழ்ந்தால் அவ்வாண்டு வணிகமே கவிழ்ந்தது என்பதால், படகோட்டிகளின் பெயரும் அவற்றில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இங்கேதான் வட்டார வேறுபாட்டின் உண்மைப் பயன் புலனாகிறது. சென்னையில் நெருக்கினால் நெசவாளர் சாந்தோமிற்குச் செல்லலாம். கூடலூரில் விலை குறைத்தால் புதுச்சேரிக்கு. அங்கும் தொல்லையெனில் பரங்கிப்பேட்டைக்கு. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை நெசவாளர்க்கு வழக்கில் இருந்தது. கொடுத்தவர்க்கு அவ்வுரிமை இல்லை. கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறுதலே அவர்களின் வேலைநிறுத்தம். வலங்கை, இடங்கைப் பூசல் மூண்ட 1707இல் சென்னையினின்று ஒரு சாரார் சாந்தோமிற்கு வெளியேறினர். கும்பினித் தலைவர் இறங்கிவந்து பேசவேண்டியதாயிற்று. நான்கு கொடிகளுள் எதுவும் நல்ல கொடியன்று. நான்கு இருந்தமையே நன்மை.

1760களுக்குப் பின் இந்நிலை மாறியது. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1781இல் நாகப்பட்டினமும் அவர் கையிற் சேர்ந்தது. வாங்குவோர் பலர் இருந்த சந்தையில் ஒருவரே ஓங்கினார். வணிகர்களை ஒதுக்கிக் குமாசுத்தாக்களை அனுப்பித் தறியைக் காவல் காக்கும் முறை வந்தது. முன்பணம் கடனாயிற்று; கடன் விலங்காயிற்று. நம் நெசவுத்தொழில் மான்செசுடர் ஆலையால் மட்டும் அழிந்ததென்று மேடைகளில் பேசுகிறோம். ஆலை வருவதற்கு முன்பே, 'வேறு ஊருக்குப் போகிறேன்' என்று கூறும் உரிமையை நெசவாளர் இழந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே பேசுதல் நேர்மை.

அத்துணி எங்கே சென்றது? தம் நெசவாளரைக் காக்கப் பிரான்சு 1686 முதல் 1759 வரை இந்தியச் சீட்டிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. ஆயினும் மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. ஆகவே நம் துணி இலண்டன் கிடங்கில் தங்கி, அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்றது. ஆப்பிரிக்கக் கரையில் அத்துணியைக் கொடுத்து மனிதரை வாங்கினர். அம்மனிதரை அமெரிக்கத் தோட்டங்களில் விற்றனர். கூடலூர்ப் பக்கத்துத் தறியில் ஓடிய நாடாவின் மறுமுனை வர்சீனியப் புகையிலைத் தோட்டத்தில் இருந்தது. நெய்தவர் அதனை அறியார்.

அடிமை வணிகம் கடலுக்கு அப்பால் மட்டும் நிகழ்ந்ததன்று. பஞ்சக் காலங்களில் இக்கரையிலிருந்தே மக்கள் விலைக்கு வாங்கப்பட்டுத் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். ஆட்களை ஏமாற்றிக் கடத்திச் சென்று அரியாங்குப்பத்தில் மறைத்துவைத்துக் கப்பலேற்றிய கயவர்கள் பிடிபட்ட செய்தியை ஆனந்தரங்கப்பிள்ளை தம் 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

துபாசியர் வாழ்வு

ஆனந்தரங்கப்பிள்ளை (1709-1761) புதுச்சேரியின் தலைமைத் துபாசி, வணிகர், 'ஆனந்தப்புரவி' என்னும் கப்பலுக்கு உரியவர். 1736 செப்டம்பர் முதல் தம் இறுதிக்காலம் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழ் உரைநடைக்கும் வரலாற்றுக்கும் பெருஞ்செல்வம். அதன் நடை இலக்கண நடையன்று. பேச்சும் கணக்கும் கலந்த நடை. அதனாலேயே அக்காலத்தைச் செவியாற் கேட்பது போல் இருக்கிறது.

துபாசி என்பவர் இரு மொழி அறிந்தவர் என்பது சொற்பொருள். உண்மையில் அவர் இரு உலகங்களுக்கிடையே நின்றவர். இரு பக்கத்திலிருந்தும் அடிபடக் கூடியவர். பிள்ளையின் உறவினரான நைனியப்பப்பிள்ளை புதுச்சேரித் தலைமைத் தரகராய் இருந்து, 1716இல் ஆளுநர் ஏபேரின் ஆணையால் சிறைப்பட்டு, கசையடியும் பெருந்தண்டமும் விதிக்கப்பட்டு, 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பப்பிள்ளை ஆங்கிலேயர் ஆண்ட சென்னைக்குத் தப்பி, இலண்டன் வழியாகப் பாரிசு சென்று வழக்காடினார். தந்தையின் பெயர் மாசு நீங்கியது. ஒரு குடியேற்றத்தில் இழைத்த அநீதிக்கு மற்றொரு குடியேற்றத்தின் வழியே நீதி தேடினார் என்பது நோக்கத்தக்கது. நெசவாளர் கால்நடையாகச் செய்ததை அவர் கப்பலில் செய்தார்.

1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் பிள்ளை வேதனையோடு குறிக்கிறார். வேதபுரீசுவரர் கோயில் அப்போது இடிக்கப்பட்டது. பள்ளிவாசலை இடிக்கவும் ஆணை பிறந்தது. சிப்பாய்ப் படைத்தலைவர் அப்துர் ரகுமான், அவ்வாறு செய்தால் தம் சிப்பாய்களுள் ஒருவரும் எஞ்சார் என ஆளுநரிடம் கூறவே அது கைவிடப்பட்டது. இதனை நம் சமுதாயப் பெருமைக்காக இங்கு எடுத்துக்காட்டவில்லை. பள்ளிவாசல் நின்றது சிப்பாய் தேவைப்பட்டமையால். கோயில் வீழ்ந்தது துபாசியும் வணிகரும் துப்பாக்கி ஏந்தாமையால். வணிகக் குடியேற்றத்தில் ஒரு சமயத்தாரின் உரிமை அவர்களால் அன்றைக்கு ஆகவேண்டிய வேலையைப் பொறுத்தது என்பதே இதனால் பெறப்படும். பென்சில்வேனியாவில் எழுத்தில் இருந்த சமய உரிமை இங்கே எவருடைய சாசனத்திலும் உறுதியாக இல்லை.

மரைக்காயர் கலங்கள்

மேற்கூறிய நான்கு கொடிகளுள் எதன்கீழும் முழுதும் அடங்காத துறை பரங்கிப்பேட்டை. முசுலிம்கள் அதனை மகமூது பந்தர் என வழங்கினர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் டேனியரும் அங்கே பண்டகசாலை வைத்திருந்தும், துறையின் வணிகம் மரைக்காயர் கையிலும் செட்டியார் கையிலும் இருந்தது. பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர் ஆகிய ஊர்களிலிருந்து அவர்கள் கலங்கள் அச்சை, கெடா, மலாக்கா ஆகிய துறைகளுக்குத் துணி கொண்டுசென்று, பாக்கும் மிளகும் வெள்ளீயமும் யானையும் கொணர்ந்தன. ஐரோப்பியரின் கடவுச்சீட்டு வாங்கவேண்டிய இடத்தில் வாங்கினர். கூட்டு வணிகம் செய்யவேண்டிய இடத்தில் செய்தனர்.

இவ்வணிகச் செல்வம் தமிழுக்கும் பயன்பட்டது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் வளர்ந்தது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீன் மரைக்காயரும் பரங்கிப்பேட்டையிற் பிறந்தவரே. ஐரோப்பியர் குடியேற்றங்களை எண்ணும்போது, இக்கரையினர் கடல் கடந்து அமைத்த குடியேற்றங்களையும் எண்ணுதல் வேண்டும். பிரஞ்சு ஆளுநர் லபூர்தொனே மொரீசியசில் துறைமுகம் அமைத்தபோது புதுச்சேரிக் கொத்தரையும் தச்சரையும் அழைத்துச் சென்றமையும் அவ்வரலாற்றின் ஒரு கூறு.

சொல்லில் எஞ்சியவை

கொடிகள் இறங்கிய பின்னும் சொற்கள் இறங்கவில்லை. மேசை, அலமாரி, சன்னல், சாவி, பொத்தான் என்பன போர்த்துக்கீசியர் தந்தவை. துட்டும் கக்கூசும் ஒல்லாந்தர் கொடை. வக்கீல், வசூல், தாசில் முதலியன அரபு வழி வந்தவை. நம் சொற்களும் அங்கே சென்றன: சுருட்டு, கட்டுமரம், காசு, கிடங்கு ஆகியவற்றை ஆங்கிலம் ஏற்றது. புதுவைத் தமிழிலோ பிரஞ்சின் தடம் தனி. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்பது, வரப்பைத் தாண்டினால் கொம்யூன் ஆகிவிடுகிறது. பிள்ளையின் நாட்குறிப்பில் 'முசே' என்றும் 'சொல்தாது' என்றும் வரும் சொற்களைத் திரட்டி அகராதி செய்தலே ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருளாகும்.

ஒரே நாளில் இரு கையொப்பம்

இனி மடுகரைக் கோட்டிற்கு வருவோம். பிரஞ்சுக்காரர் முதலில் பெற்றது கடற்கரை ஊர் மட்டுமே. 1749ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தா சாகிபும் முசாபர் சங்கும் தமக்குச் செய்த படையுதவிக்கு ஈடாக வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களை அவர்கட்கு அளித்தனர். படைச் செலவுக்கு வரி வேண்டும்; வரிக்கு நிலம் வேண்டும். வணிகன் நிலக்கிழான் ஆன இடம் இது. 1761இல் அனைத்தும் இழந்தனர். 1765இல் புதுச்சேரி திரும்பியது.

1778 பிப்ரவரியில் பிரான்சு, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களோடு நட்புடன்படிக்கை செய்தது. அதன் விளைவை முதலில் அனுபவித்தவர்களுள் புதுச்சேரி மக்களும் உளர்: அவ்வாண்டு அக்டோபரில் ஆங்கிலப் படை நகரைக் கைப்பற்றியது. ஐதர் அலி களமிறங்க, 1781 சூலையில் பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நிகழ்ந்தது. 1782இல் கூடலூர் பிரஞ்சுக்காரர், ஐதர் படைகள் வசமாயிற்று. 1783 சூன் 20ஆம் நாள் கூடலூர்க் கடலில் பிரஞ்சுத் தளபதி சுப்ரேனும் ஆங்கிலத் தளபதி இயூசும் மோதினர். ஐரோப்பாவில் சனவரியிலேயே முதற்கட்ட அமைதி எழுதப்பட்டுவிட்டது. செய்தி இங்கு வந்து சேர்ந்தது சூன் இறுதியில். அமெரிக்க விடுதலைப் போரைச் சார்ந்த கடைசிப் பெருஞ்சமர் அமெரிக்காவில் அன்று, நம் கூடலூர்க் கடலில் நிகழ்ந்தது. முடிந்துபோன போருக்காக இக்கரையில் மாண்டோர் பலர்.

1783 செப்டம்பர் 3ஆம் நாள் இரு உடன்படிக்கைகள் கையொப்பமாயின. பாரிசில் எழுதியதில் அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்ற நாடுகள் என ஆங்கில அரசர் ஒப்பினார். அதே நாள் வெர்சாயில் எழுதியதில், புதுச்சேரிக்குச் சூழ்நிலமாக வில்லியனூர், பாகூர் என்னும் இரு மாவட்டங்களையும், காரைக்காலுக்கு அதனை அடுத்த நான்கு மாகாணங்களையும் பிரஞ்சு அரசர்க்குப் பெற்றுத்தர இசைந்தார். பதின்மூன்று குடியேற்றங்கள் மன்னரிடமிருந்து மக்களுக்குச் சென்ற அந்நாளில், பாகூர் ஏரிப் பாசனத்து உழவர் ஒரு மன்னரிடமிருந்து மற்றொரு மன்னரிடம் சென்றனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. ஆறோ குன்றோ எல்லையாகக் கொள்ளப்படவில்லை. ஊர்ப்பெயர்களின் கணக்கே எல்லையாயிற்று. அதனாலேயே ஒருவர் ஊருக்கு நடுவே மற்றவர் ஊர் சிக்கிக் கிடக்கிறது. 1793இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1816இல் பிரஞ்சுக்காரரிடம் இறுதியாகத் திரும்பியபோதும் இச்சிக்கல் அவ்வாறே தொடர்ந்தது. நெசவாளர்க்கு அன்று பயன்பட்ட எல்லை பிற்காலத்தில் நாட்டுப்பற்றாளர்க்குப் பயன்பட்டது. 1908இல் பாரதியாரும் 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அதனைத் தாண்டியே புதுவை சேர்ந்தனர்.

மக்களைக் கேட்கும் நாள் வருவதற்கு 171 ஆண்டுகள் ஆயின. 1954 மார்ச்சு இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. மடுகரைப் பகுதி அவ்வெழுச்சியில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர், 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகத்து 16இல் நிறைவேறியது.

மடுகரை, பாகூர், வில்லியனூர்ப் பகுதி மூத்தோர் வீட்டுப் பெட்டிகளில் பிரஞ்சுக் காலத்து நிலப் பத்திரங்களும் பிறப்பு, திருமணப் பதிவுகளும் இருக்கக்கூடும். அவற்றில் ஊரின் எல்லைகளும் ஏரி, வாய்க்கால் பெயர்களும் தமிழ்ப்பெயர்களின் பிரஞ்சு எழுத்துவடிவமும் காணப்படலாம். அவ்வூர் மாணவர்கள் விடுமுறையில் அவற்றைப் பெரியோரின் இசைவோடு படியெடுத்து நம் துறைக்குக் கொணர்ந்தால், படித்துப் பொருள் எழுதித் தர நாம் அணியமாயிருக்கிறோம். ஆனந்தரங்கப்பிள்ளை நகரத்தை எழுதினார். ஊர்ப்புறத்து ஏடு இன்னும் எழுதப்படவில்லை.